எந்த ஊர் இடதுசாரி?

வெட்டு மேசை முழுக்கக் கொடி. மூன்று கட்சிக் கொடியும் ஒரே குவியல். அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டேவிட் கேட்டார். இதில் எது இடது, எது வலது?

கொடிக்கு மேலும் கீழும்தான் உண்டு என்றேன். மாற்றித் தைத்தால் அடி விழும்.

பக்கத்தில் நின்ற வெர்னர் நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். டேவிட் இங்கிலீஷில் சொன்னார். வெர்னர் சிரிக்கவில்லை. சரியான பதில் என்பது போலத் தலையை ஆட்டினார்.

எமர்ஜென்சி முடிந்த பிறகு வந்த சட்டசபைத் தேர்தல் அது. நல்ல வெயில். திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் சம்பந்தம் என்பவர் கடையில் நான் தையல்காரன். மூன்று மெஷின். வாசலோரம் நான். நடுவில் முனுசாமி. உள்ளே சுவரோரம் ஏழுமலை. முதலாளி வெட்டுவார். நாங்கள் தைப்போம். கொடித்துணியின் கஞ்சி வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து தொண்டை வரை இறங்கும்.

டேவிட் அமெரிக்கக்காரர். வெர்னர் ஜெர்மனி. மேற்கு ஜெர்மனி. அப்போது அந்த நாடு இரண்டாக இருந்தது. இருவரும் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், அடுத்தடுத்த வாடகை அறையில் இருந்தார்கள். ஜிப்பாவும் பைஜாமாவும் எங்களிடம்தான் தைப்பார்கள்.

டேவிட் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புத்தகத் தமிழ் பேசுவார். "நான் நாளை வருகிறேன் ஐயா" என்பார். ஏழுமலை அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தான். வெர்னருக்குத் தமிழ் வராது. முனுசாமி எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவன். வெர்னர் பேசுவதில் பாதியை அவன் சொல்வான். மீதியை டேவிட் சொல்வார்.

நான் ஐந்தாவது வரைதான். இதை எழுதுவதே எனக்குப் பெரிய வேலை.

சாக்பீஸ் கோடு

டேவிட் என் சாக்பீஸை வாங்கினார். கொடிகளை ஒதுக்கிவிட்டு மேசை மேல் ஒரு கோடு போட்டார். முழம் நீளம் இருக்கும்.

அவர் நாட்டில் இரண்டே கட்சியாம். ஒன்றுக்குக் கழுதை அடையாளம், இன்னொன்றுக்கு யானை. ஏழுமலை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். கழுதைக்கு எவன் ஓட்டுப் போடுவான்? நான்தான் போடுவேன் என்றார் டேவிட்.

கோட்டின் இடது முனையில் கழுதையைப் போட்டார். வலது முனையில் யானை. நான் இடதுசாரி என்றார். வியட்நாம் சண்டைக்குப் போக மாட்டேன் என்று சொல்லி ஊர்வலம் போனவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார வேண்டும் என்று கத்தியவர். அவர் அப்பா யானைக் கட்சி. அதனால் வீட்டில் பேச்சு இல்லை.

வெர்னர் சாக்பீஸை வாங்கி அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். அவர் நாட்டில் கட்சி ஜாஸ்தி. அவர் கட்சி வலது பக்கம். மாதா கோயில் போகிறவர்கள், கடைக்காரர்கள், விவசாயிகள் எல்லாம் அதில் இருப்பார்களாம். நான் வலதுசாரி என்றார். அவர் அப்பாவுக்குச் சின்ன ஃபேக்டரி. கதவுக் கீல் செய்வது.

பிறகு மேல் கோட்டிலிருந்த கழுதையை எடுத்துக் கீழ் கோட்டில் வைத்தார். எங்கே வைத்தார் தெரியுமா? தன் கட்சிக்குப் பக்கத்திலேயே. சில விஷயத்தில் தனக்கும் வலது பக்கம் என்றார்.

யானை எங்கே என்று முனுசாமி கேட்டான்.

வெர்னர் சாக்பீஸை வலது பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். மேசை முடிந்துவிட்டது. கையைக் கீழே தொங்கவிட்டார்.

டேவிட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. சண்டை விஷயத்தில் என்னை எங்கே வைப்பாய், சொல் என்றார். உடனே பேச்சு மாறியது. அமெரிக்கப் பட்டாளம் ஜெர்மனியிலும் இருந்ததாம். டேவிட் அதைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்கிறார். வெர்னர் அது அங்கேயே இருக்க வேண்டும் என்கிறார். அந்த விஷயத்தில் டேவிட்டைத் தூரத்து இடது முனையில் வைக்க வெர்னர் ஒப்புக்கொண்டார்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. இரண்டு பேரிடமும் இஞ்ச் டேப் ஒன்றுதான். நடு வேறு.

முனுசாமி அதற்கு மலையை இழுத்தான். கிரிவலம் போகும்போது ஒவ்வொரு பக்கமும் மலை ஒவ்வொரு மாதிரி தெரிகிறதே, அது போலத்தான் என்றான். எனக்கு ஒப்பவில்லை. மலை நின்ற இடத்தில் நிற்கிறது. இந்த நடுவை ஆட்கள் பிடித்து இழுத்து நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு நாட்டில் ஜாஸ்தி இழுத்திருக்கிறார்கள். இன்னொரு நாட்டில் கம்மி.

இதை அன்றைக்கே நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அடுத்த வாரம் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்த இடது

என் சின்ன வயதில் மல்லாட்டை மில் ஆட்கள் சிவப்புக் கொடியோடு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. உடம்பெல்லாம் தோல் தூசி ஒட்டியிருந்தது. மில்லில் ஒருவனுக்குக் கை போய்விட்டது, அவன் குடும்பத்துக்கு வழி சொல் என்று கேட்டார்கள். என் அப்பா கதவைச் சாத்தினார். கதவின் ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

இடதுசாரி என்று பேப்பரில் போட்டால் எனக்கு அந்த மில் ஆட்கள்தான். கூலிக்காரன் பக்கம் நிற்பவன். வலதுசாரி என்றால் முதலாளி பக்கம். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

டேவிட் ஊரில் அப்படி இல்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர் தெருவில் ஒரு வாத்தியார் ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சிவப்பு ஆள் என்று சொல்லி வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது டேவிட் குரலைத் தாழ்த்துவார். திருவண்ணாமலையில் யார் கேட்கப்போகிறார்கள்? இருந்தாலும் தாழ்த்துவார்.

வெர்னருக்கு அந்தச் சிவப்புக் கொடி மேல் வெறுப்பு. அவர் பெரியம்மா கிழக்கு ஜெர்மனியில் மாட்டிக்கொண்டார். அங்கே அந்தக் கொடிதான் சர்க்கார். நடுவில் சுவர்.

மூன்று பேருக்கும் இடது என்று ஒரே வார்த்தை. நான் அதை ஒரே சரக்கு என்று நினைத்துவிட்டேன்.

ஏழுமலையின் கத்தரிக்கோல்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மெஷின் முதலாளியுடையது. கத்தரிக்கோல் தையல்காரன் கொண்டுவருவது. அது மெஷின் டிராயரில் இருக்கும். இருக்கிற வரைக்கும் அந்த இடம் அவனுடையது. முதலாளி அதை எடுத்துக் கையில் கொடுத்தால் வேலை போச்சு என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கோடு போட்ட இரண்டாம் நாள் ஏழுமலைக்கு விரலில் ஊசி ஏறியது. எங்களுக்கு அது சகஜம். எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு தைப்போம். அவனும் தைத்தான். நான்காம் நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கீறிவிட்டார்கள். ஒரு மாதம் மெஷின் தொடக் கூடாது என்றார்கள்.

அவனுக்குப் பெண்டாட்டி சாந்தா. இரண்டு பெண் குழந்தைகள். வேறு தொழில் தெரியாது. மற்ற கடைகளில் மெஷினும் காலி இல்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் தேர்தலுக்கு முன் கொடி போயாக வேண்டும். கட்சிக்காரர்கள் காலையிலும் சாயங்காலமும் வந்து நின்றார்கள். கீழ்பென்னாத்தூரில் ஆள் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை வந்து ஏழுமலை மெஷினில் உட்காருவான் என்றார். விரல் ஆறிய பிறகு ஏழுமலை என்ன செய்வான் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

நானும் முனுசாமியும் ஏழுமலை வீட்டுக்குப் போய்ப் பேசினோம். வேறு ஆள் உட்காரட்டும். ஆனால் விரல் ஆறினதும் மெஷின் ஏழுமலைக்கு என்று முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை நாங்கள் கொடியைத் தொட மாட்டோம். திங்கட்கிழமை காலைதான் சொல்வது. முன்னால் தெரிந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து ஆள் பிடித்துவிடுவார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நான் சனிக்கிழமை மூச்சு விட்டேன்.

டேவிட் ஜிப்பா வாங்க வந்தார். ஏழுமலை இடம் காலியாக இருப்பதைப் பார்த்து விசாரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் இடதுசாரி, நம் ஆள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வெர்னரிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். அவர் வலதுசாரி, முதலாளி பிள்ளை.

திங்கட்கிழமை

கடை வாசலில் மூன்று புது ஆட்கள் குந்தியிருந்தார்கள். முதலாளி கையில் ஏழுமலையின் கத்தரிக்கோல். பேப்பரில் சுற்றியிருந்தது. என்னிடம் நீட்டினார்.

"இத அவங்கிட்ட குடுத்துடு பாய். கொடி தைக்கிறதுன்னா உள்ள வாங்க. இல்லன்னா உங்க ரெண்டு பேரோடதயும் எடுத்துக் குடுத்துடறேன்."

கத்தரிக்கோலை நான் வாங்கவில்லை. முனுசாமியும் வாங்கவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போனோம். கட்டுப் போட்ட கையோடு ஏழுமலை அங்கே பெஞ்சில் இருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

எவன் சொன்னது என்று முனுசாமி கேட்டான். ஏழுமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்தான்.

"நான்தான்" என்றேன். "டேவிட்டாண்ட சொன்னேன்."

"அவராண்ட ஏன் சொன்னே?"

"இடதுசாரின்னாரு."

"எந்த ஊர்ல பாய்?"



டேவிட் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்கே போயிருக்கிறார். உங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தப்போகிறார்கள், அதற்கு முன் நீங்களே பெரிய மனதோடு கூப்பிட்டுப் பேசுங்கள் என்றிருக்கிறார். அவர் ஊர்ப் பழக்கம் அது. ஆளும் ஆளும் மனம் விட்டுப் பேசினால் தீரும். எழுதி வாங்குவது, கூட்டமாக நிற்பது எல்லாம் அவருக்குக் கொஞ்சம் பயம். அந்த வாத்தியார் ஞாபகம் இருக்கும்.

முனுசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். மில் ஆட்களைக் கூட்டி வருகிறேன், கடை வாசலில் சிவப்புக் கொடி நடுகிறேன் என்றான். வேண்டாம்டா, கொடி நட்டா எனக்கு இந்தத் தெருவிலேயே மெஷின் கிடைக்காது என்றான் ஏழுமலை.

அந்த நேரத்தில் வெர்னர் வந்தார். அவர் பைஜாமாவும் தயாராக வேண்டியிருந்தது. தெருவில் எங்களைப் பார்த்து நின்றார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. முனுசாமி சொன்னான்.

வெர்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒருத்தனுக்கு உடம்புக்கு வந்தால் அவன் இடம் போய்விடுமா? ஆமாம் என்றோம். சட்டமே இல்லையா? இந்த மாதிரிக் கடைக்கு யார் வந்து பார்ப்பார்கள் என்றான் முனுசாமி.

அவர் நேராகக் கடைக்குள் போனார். நாங்கள் பின்னால் போய் வாசலில் நின்றோம். முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியும். நின்றபடியே முனுசாமி தனக்குப் பிடிபட்டதை எங்களுக்குச் சொன்னான்.

தான் முதலாளி பிள்ளை, வலதுசாரி என்றுதான் வெர்னர் ஆரம்பித்தார். முதலாளி நாற்காலி போட்டார்.

"சிவப்புக் கொடி உங்க வாசலுக்கு வரணுமா?" இது வெர்னர்.

வேண்டாம் என்றார் முதலாளி.

"அப்ப இன்னிக்கே எழுதிக் குடுத்துடுங்க. எங்க நாட்டுல அப்படித்தான் செஞ்சாங்க. நூறு வருஷம் ஆவப்போவுது. எங்கப்பா ஃபேக்டரி இன்னும் எங்கப்பாவோடதுதான்."

பிறகு விவரமாகச் சொன்னார். அவர் தாத்தாவுக்கும் முந்தின காலத்தில் ஜெர்மனியில் ஒரு பெரிய மந்திரி இருந்தாராம். சிவப்பு ஆட்களைக் கண்டால் ஆகாது. அவர்கள் வளரக் கூடாது என்றே கூலிக்காரனுக்கு வைத்தியச் சட்டம் கொண்டுவந்தாராம். அதற்குப் பிறகு இடது வந்தது, வலது வந்தது, யாரும் அதில் கை வைக்கவில்லை. உடம்புக்கு வந்தவனுக்கு இடம் போகாது. அங்கே அது கட்சி விஷயமே இல்லையாம்.

முதலாளி மேசையைப் பார்த்தபடி இருந்தார். சாக்பீஸ் கோடு இரண்டும் அரைகுறையாக இன்னும் அழியாமல் இருந்தன. கோடு போட்டபோது அவர் கடையில் இல்லை. அது என்ன என்று தெரியாது. விரலால் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

"கை காயத்துக்கு மட்டும்தான்" என்றார் கடைசியில். "ஜுரம், வயித்துவலி இதுக்கெல்லாம் கெடையாது. அப்புறம் வருஷம் பூரா படுத்துக்குவீங்க."

முனுசாமி எழுதினான். கையெழுத்து விழுந்தது. ஏழுமலையின் கத்தரிக்கோல் டிராயருக்குத் திரும்பியது. வந்த மூவரில் ஒருவன் தற்காலிகமாக அந்த மெஷினில் உட்கார்ந்தான். மற்ற இருவரும் டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். கொடி தேதிக்குப் போனது. எந்தக் கட்சி ஜெயித்தது என்பது உங்களுக்கே தெரியும்.

அரிசி மூட்டை

அன்று சாயங்காலம் டேவிட் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "நான் தவறு செய்துவிட்டேன் ஐயா" என்றார். நானும்தான் என்றேன். 

அவர் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் இருந்த ஒவ்வொரு வெள்ளைக்காரர் அறைக்கும் போனார். மறுநாள் ஏழுமலை வீட்டில் ஒரு மூட்டை அரிசி இறங்கியது. பருப்பு, எண்ணெய், பிள்ளைகளுக்கு பிஸ்கட். வாரா வாரம் வந்து கட்டு மாற்றினார்களா என்று பார்த்தார். வெர்னர் ஒரு தடவைகூட ஏழுமலை வீட்டுக்கு வந்ததில்லை. அவருக்கு வீடு எங்கே என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஒன்றுதானே, அதில் என்ன அமெரிக்கா, என்ன ஐரோப்பா என்று. இல்லை ஐயா. நான் பார்த்த அமெரிக்க இடதுசாரி ஓர் ஆளைத் தூக்கிவிடுவார். அதற்குத் தன் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார். நான் பார்த்த ஐரோப்பிய வலதுசாரி ஆளைப் பார்க்க மாட்டார். காகிதத்தைக் கேட்பார். அந்த மாதம் ஏழுமலை சாப்பிட்டது டேவிட் அரிசி. அதற்கு அடுத்த மாதம் அவன் சொந்தமாக அரிசி வாங்கியது வெர்னர் காகிதத்தால்.

இரண்டு ஆள்தான் பார்த்தேன். இரண்டு ஆளை வைத்து நாட்டைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். தையல்காரன் ஒரு முழத் துணியைத் தடவிப் பார்த்துத்தான் முழுப் பீஸும் எப்படி என்று சொல்வான். பெரும்பாலும் தப்பாது.

காமாலை

எண்பதுகளின் நடுவில் நான் செங்கம் ரோட்டில் சொந்தக் கடை போட்டேன். இரண்டு மெஷின். ஒன்றில் நான். இன்னொன்றில் ஏழுமலை. அவன் விரலில் மேல் கணு மடங்காது. தையலில் தெரியாது.

ஓர் ஐப்பசி மழையில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு படுத்திருந்தான். எழுந்திருக்க எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தீபாவளித் துணி கூரை வரை குவிந்திருந்தது. அன்று காலைதான் ஓர் ஆள் வேலை கேட்டு வந்தான். நல்ல கை. நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஏழுமலையிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

மத்தியானம் சாந்தா வந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"கத்திரிக்கோல எடுத்தாரச் சொன்னாரு பாய்."

"ஏன்?"

"அந்தக் காயிதத்துல கை காயம்னுதான் எழுதிக்கீதாம். காமாலைக்கு இல்லியாம்."

அந்தக் காகிதத்தை அவன் இத்தனை வருடம் டிரங்க் பெட்டியில் வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதில் இருப்பது சம்பந்தத்தின் கையெழுத்து. என்னுடையது இல்லை. நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. இப்போது நான்தான் முதலாளி.

டிராயரைத் திறந்தேன். கத்தரிக்கோல் இருந்தது. பிடியில் அவன் சுற்றிய துணி கறுத்துப்போயிருந்தது. அவள் பையை நீட்டினாள்.

"இங்கியே இருக்கட்டும்மா" என்றேன்.

"எத்தினி நாளைக்கு?"

"அவன் கண்ணு வெள்ளையாவற வரைக்கும்."

அவள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மறுநாள் அந்தப் புது ஆள் வந்தான். ஏழுமலை மெஷினில் உட்கார வைத்தேன். தன் கத்தரிக்கோலை வைக்க டிராயரை இழுத்தான். அது வேறு ஆள் இடம், உன்னுடையதை மேசை மேலேயே வைத்துக்கொள் என்றேன்.